அந்தத் துருவைத் தேய்க்காதீர்கள்

பழைய கோல்ஃப் மட்டையை விற்க நினைப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: இரும்பு நார் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். போன வாரம் சிங்கப்பூர் பிடோக்கிலிருந்து ஓர் அக்கா, மறைந்த கணவரின் மட்டையைப் படம் எடுத்து அனுப்பி, “தம்பி, பளபளன்னு ஆக்கிட்டு கேரசல்ல போடட்டுமா?” என்று கேட்டார். கேரசல் என்பது பழைய பொருள் விற்கும் இணையதளம். “வேண்டவே வேண்டாம்க்கா” என்றேன். தலையின் பின்புறம் புகைக்குழாய் வடிவில் மங்கலாக ஒரு முத்திரை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பட்டறை வைத்திருந்த டாம் ஸ்டூவர்ட்டின் குறி அது. புகழ்பெற்ற அமெரிக்க கோல்ஃப் வீரர் பாபி ஜோன்ஸ் ஆடிய இரும்பு மட்டைகளும் அங்கே அடித்தவைதான். சேகரிப்பவர்கள் அந்த முத்திரைக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். தேய்த்தால் முதலில் போவதும் அதுதான்.

அடுத்து, தண்டு. 1929-இல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு எஃகுத் தண்டை அனுமதித்தது. மரத்தண்டுக்குப் பழகிய கண்ணுக்கு உறுத்தக்கூடாதென்று அந்தக் காலத்தில் எஃகின்மேல் மரநிற உறை போட்டும் விற்றார்கள். படத்தில் ஹிக்கரி மரம் மாதிரியே இருக்கும். ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். ஹிக்கரி என்று எழுதி எஃகை அனுப்பினால் காசைத் திருப்பித் தந்துவிடலாம், கெட்ட பெயரை என்ன செய்வது?

நம் ஊர் ஈரத்துக்குத் தோல் பிடி சீக்கிரம் பூசணம் பிடிக்கும். வீட்டுப் பதுங்கறையான பாம் ஷெல்டரில் அடைத்து வைக்காதீர்கள். பெர்சிமன் மரத்தலையாக இருந்தால், தண்டு சேரும் கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே கிட்டப் போய்ப் படம் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்; காலை வெளிச்சத்தில் புளோக் தாழ்வாரமே போதும். விரிசலோடு வாங்குவார்கள், மறைத்தால் மறுபடி வரமாட்டார்கள்.

இந்த ஆட்டத்துக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. 1843-இல் மருத்துவர் மான்ட்கொமரி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய கட்டாபெர்ச்சா மரப்பாலில்தான் சில ஆண்டுகளில் புது கோல்ஃப் பந்து பிறந்தது. அதுவரை தோலுக்குள் இறகு திணித்த பந்துதான்; விலையும் அதிகம். 1891-இல் இங்கே கோல்ஃப் கிளப் தொடங்கிய இடமும் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் பக்கத்து ஃபேரர் பார்க்தான்.

விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையை விடுங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். முத்திரை புரியவில்லையென்றால் எனக்குப் படம் அனுப்புங்கள். யாருடைய பட்டறை என்று தேடிச் சொல்கிறேன், காசு வேண்டாம்.