தென்படவில்லை என்று எழுதியவன்

வருவாய்த் துறையில் 31 வருடம் இருந்தேன். 1988-ல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து 2019-ல் துணை தாசில்தாராக வெளியே வந்தேன். எல்லாமே மதுரையைச் சுற்றித்தான். பட்டா, வாரிசுச் சான்று, தேர்தல் வேலை என்று என்னென்னவோ பார்த்தாலும் இன்றைக்கும் மனதில் நெருடுவது சாதிச் சான்றிதழ் ஃபைல்கள்தான். அதிலும் ஒன்று.

அதைச் சொல்வதற்குமுன், யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பி.சி., எம்.பி.சி. என்றால் துணை தாசில்தார். எஸ்.சி. என்றால் தாசில்தார். பழங்குடியான எஸ்.டி. என்றால் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ. நாற்காலி பெரிதாகப் பெரிதாக நடை கூடும். பி.சி.க்காரர் ஒரு வாரத்தில் வாங்கிக்கொண்டு போவதை எஸ்.டி.க்காரர் ஒரு தலைமுறை கேட்டுக்கொண்டிருப்பார்.

2006-ல் நான் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். மதுரைக்கு வடமேற்கே ஒரு குடியிருப்பிலிருந்து மனு வந்திருந்தது. எஸ்.டி. பட்டியலில் இருக்கும் காட்டுநாயக்கன் என்று சான்று வேண்டும். பிளஸ் டூ முடித்த பெண். தாத்தா குடுகுடுப்பை அடித்தவர், பன்றியும் வளர்த்திருக்கிறார். அப்பா பேரூராட்சியில் துப்புரவு வேலை. சித்தப்பாவிடம் எண்பதுகளில் ஒரு தாசில்தார் கையால் எழுதிக் கொடுத்த சான்று இருந்தது, மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. அதை ஆதாரமாக எடுக்க மேலே தயங்கினார்கள். நேரில் விசாரித்து அறிக்கை கொடு என்று என்னை அனுப்பினார்கள்.

விசாரணை என்றால் என்ன தெரியுமா? 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழிமுறை வகுத்தது. போலிச் சான்று வாங்கி மருத்துவ சீட்டைப் பிடிக்கிறவர்களைத் தடுப்பதற்காக. குலதெய்வம், சடங்கு, திருமண முறை, சாவு முறை, பிணத்தைப் புதைக்கும் விதம் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். அதற்கும் முன்னால், 1965-ல் லோகூர் கமிட்டி பழங்குடிக்கு ஐந்து அடையாளம் சொல்லியிருந்தது. ஆதிகாலப் பண்பு, தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழ்விடம், மற்றவர்களோடு பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. நாலாவதைக் கவனியுங்கள். கூச்சம்!

நான் போனபோது அந்தப் பெண் கூச்சப்படவே இல்லை. பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார், காபி சாப்பிடுவீங்களா?" என்றாள். தகரக் கூரை வீடு. அரசு கொடுத்த கலர் டி.வி. அந்த வருடம்தான் வந்த திட்டம், மேலே பூப்போட்ட துணி. பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயம் இரண்டு. அவளுடைய அம்மா மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று "சாமி, சாமி" என்று பேசினார். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு கலந்த ஒரு பேச்சில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பாதி புரிந்தது.

குலதெய்வம் என்ன என்றேன். ஜக்கம்மா. எழுதிக்கொண்டேன். கல்யாணம் எப்படி? பெரியவர் ஒருவர் சொல்ல ஆரம்பித்தார், அந்தப் பெண் குறுக்கிட்டு, "இப்ப மண்டபத்துலதான் சார்" என்று சிரித்தாள். சாவுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கும்போது எனக்கே நாக்குக் கொஞ்சம் தடுமாறியது. அந்த வீட்டில் பாட்டி ஒருத்தர் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அலுவலகம் திரும்பினேன். என் மேலதிகாரி குறிப்பைப் படித்துவிட்டு, "ஜக்கம்மா எஸ்.டி.யில இல்லாத கம்பளத்தாருக்கும் சாமிதானே? காட்டுநாயக்கன்னா நீலகிரியில தேன் எடுக்குறவன். இவன் எந்தக் காட்டுல இருந்தான்?" என்றார். 1976-ல் சட்டத்தைத் திருத்தி, இன்ன பகுதியில் இருந்தால்தான் பழங்குடி என்ற எல்லையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். அவருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் போலிச் சான்று கொடுத்ததாக விசாரணை வந்தால் பென்ஷன் போய்விடும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. மறுத்ததற்காக யாருக்கும் மெமோ வந்து நான் பார்த்ததில்லை.

'பழங்குடியினருக்கான பண்புகள் தென்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

வீடு என்றதும் என் கதையையும் சொல்ல வேண்டும். நான் சௌராஷ்டிரன். மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் பிறந்தவன். வெளியே தமிழ், வீட்டுக்குள் சௌராஷ்டிரம். "நீங்க தெலுங்கா சார், குஜராத்தியா?" என்று சர்வீஸ் முழுக்கக் கேட்டார்கள். நம் ஆட்களும் ஒரு காலத்தில் சான்று கேட்டு நின்றவர்கள்தான். 1705-ல் மதுரையில் சௌராஷ்டிரர்கள் உபாகர்மம் செய்தார்கள் என்று 18 பேரைப் பிடித்துவிட்டார்கள், பூணூல் மாற்ற உங்களுக்கு உரிமை ஏது என்று. ராணி மங்கம்மாள் பண்டிதர்களைக் கூட்டி விசாரித்து, செய்யலாம் என்று ஓலை எழுதிக் கொடுத்தார். மதுரையில் கொடுத்த முதல் சாதிச் சான்றிதழ் அதுதான் என்று நான் அலுவலகத்தில் தமாஷாகச் சொல்வதுண்டு. மேலே ஏற அன்று ஓலை வாங்கினோம், இன்று பி.சி. பட்டியலில் 'பட்டுநூல்காரர்' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறோம். இரண்டுமே நாம் கேட்டு வாங்கியது. குறை சொல்லவில்லை.

கேட்காமலே முத்திரை குத்தப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் மேற்கே பிறமலைக் கள்ளர்கள் வாழும் கள்ளநாட்டுப் பக்கம் வேலை. முதியோர் உதவித்தொகைக்கு வந்த ஒரு பெரியவரிடம் ஸ்டாம்ப் பேடை நகர்த்தி, "பெருவிரலை வைங்கய்யா" என்றேன். கையை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். "ரேகை வைக்க மாட்டேன் தம்பி. எங்கய்யா வச்சது போதும்." பேனா கேட்டார். பேர் எழுதத் தெரியாது. எதிரே இருந்த பையனிடம் அவர் பேரைக் காகிதத்தில் எழுதச் சொல்லி, அதைப் பார்த்துப் பார்த்து ஓவியம் வரைவதுபோல வரைந்தார். கால் மணி நேரம் ஆனது. பின்னால் வரிசையில் நின்ற யாரும் முணுமுணுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று நாம் படிப்பதை அங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதியை வைத்தே குற்றவாளி என்று பதிந்து, விரல் ரேகை எடுத்து, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வைத்த சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் சட்டம் போனது. அப்புறம் அவர்களுக்குச் சீர்மரபினப் பழங்குடியினர் என்று பெயர். 1979-ல் அந்தப் பெயரில் இருந்த 'பழங்குடி'யை எடுத்து 'சமூகம்' என்று மாற்றினார்கள். நான் ஓய்வு பெற்ற 2019-ல் இரட்டைச் சான்று வந்தது, மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று. "சென்னைக்குப் போனா சமூகம், திண்டுக்கல் தாண்டி டெல்லி ரயில் ஏறுனா பழங்குடி" என்பான் எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

இன்னொரு வேடிக்கை. அதே பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிச்சப்பனும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் அங்கே ஒருவர் ரத்தத்தில் எம்130 என்ற மரபணுக் குறியைக் கண்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து வந்த ஆதி மனிதர்களின் குறி. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் இருக்கிறது. டீக்கடையில் "உலகத்துக்கே மூத்த குடி நாங்கதான்" என்று பேச்சு. ஐம்பதாயிரம் வருடத்துப் பூர்வீகம் ரத்தத்தில் இருந்தாலும் எங்கள் கவுன்டரில் அப்பாவின் டி.சி. இல்லாவிட்டால் மனு திரும்பிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இனம் என்று ரத்தம் சொல்வது ஒன்று, சாதி என்று தெரு சொல்வது வேறு. அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவும் இனத்தையும் சாதியையும் தனித்தனியாகத்தான் எழுதியிருக்கிறது.

மனுதாரர் அல்லாதவரின் சாதியை அரசாங்கம் எங்களிடம் கேட்கும் இடம் ஒன்றே ஒன்று உண்டு. பி.சி.ஆர். கேஸ், அதாவது எஸ்.சி., எஸ்.டி. மக்கள்மீதான வன்கொடுமைக் கேஸ். 1989-லேயே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் ஜனங்கள் வாயில் 1955-ம் வருடச் சட்டத்தின் பெயர்தான். டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து கடிதம் வரும், புகார்தாரர், எதிரி இருவருக்கும் சாதிச் சான்று அனுப்புமாறு. அப்போது எதிரியின் சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். "எங்க சாதிய எதுக்கு சார் கேக்குறீங்க?" என்ற அந்த ஆச்சரியத்தை நான் மற்ற கவுன்டரில் கண்டதே இல்லை. 2018 மார்ச்சில் உடனடிக் கைது கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது எங்கள் அலுவலகமே இரண்டாகப் பிரிந்து டீ குடித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திப் பழையபடி ஆக்கியதும் மறுபடியும் சண்டை. பொய்க் கேஸ் இருக்கிறது என்றார்கள். இருக்கலாம். பொய்ச் சான்றும்தான் இருக்கிறது. ஆனால் பொய்ச் சான்றுக்குப் பயந்து உண்மையான மனுவை மறுத்தவன் நான் என்பதால் அந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

போன வருடங்களில் அக்கா மகன் கலிபோர்னியாவிலிருந்து அடிக்கடி கூப்பிடுவான். 2023-ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது, கலிபோர்னியாவிலும் மசோதா நிறைவேறியது. அக்டோபரில் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், இருக்கிற சட்டமே போதும் என்று. அவனுக்கு நிம்மதி. "இங்க யாருக்கு மாமா சாதி தெரியுது? சும்மா நம்மள மட்டும் சந்தேகப்படுறாங்க. அப்படியே சட்டம் வந்தாலும் யாரு எந்தச் சாதின்னு சர்டிபிகேட் குடுக்குறது யாரு?" கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. தொழில் புத்தி. அங்கே தாசில்தார் கிடையாது, ஆர்.ஐ. கிடையாது. நீ யார் என்று நோண்டாமல், அவன் உன்னை என்ன செய்தான் என்று மட்டும் கேட்கிற சட்டமாக அது இருக்குமோ என்று தோன்றியது. ஆனால் பட்டியல் இல்லாமல் இட ஒதுக்கீடு ஏது? அவனிடம் இரண்டையும் சொன்னேன். "நீங்க எந்தப் பக்கம் மாமா?" என்றான். மசோதா வந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். கொஞ்ச நாள் போன் வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். நான் எழுதி ஐந்து வருடம் கழித்து, 2011-ல், உச்ச நீதிமன்றம் ஆனந்த் என்பவர் வழக்கில் சொன்னது: இடம்பெயர்ந்தும் படித்தும் வாழ்க்கை மாறிய பிறகு பழைய பண்புகள் அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது, அதை மட்டுமே உரைகல்லாக வைத்து மறுக்கக் கூடாது. தீர்ப்பின் நகலை இரண்டு முறை படித்தேன். என் அறிக்கைக்காகவே எழுதியதுபோல இருந்தது.

2018-ல் என் பேத்திக்குப் பள்ளியில் பி.சி. சான்று கேட்டார்கள். மருமகன் இ-சேவையில் போட்டான், நாலாம் நாள் செல்பேசிக்கு வந்துவிட்டது. குலதெய்வம் எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேத்தி என்னைப் பார்த்திருப்பாள், நான் என் மனைவியைப் பார்த்திருப்பேன்.

ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவள் வந்தாள். நான்தான் அடையாளம் தெரியாமல் உட்கார வைத்தேன். கூட ஆறேழு வயதுப் பையன். "நீங்கதான சார் எங்க வீட்டுக்கு வந்தீங்க? காபி வேணாம்னு சொன்னீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம். பையனுக்கு எஸ்.டி. சான்றுக்கு மனுப் போட்டிருக்கிறாள், ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து விசாரணைக்கு வரப்போகிறார்கள். என் கையில் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"என்னென்ன கேப்பாங்கன்னு சொல்லுங்க சார். இவனுக்குச் சொல்லிக் குடுத்து வச்சிர்றேன்."

வாசல்வரை கூட நடந்துபோய்ச் சொன்னேன். குலதெய்வம், கல்யாண முறை, சாவு முறை, வீட்டில் பேசுகிற பேச்சு. பையன் என் கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டுக்குப் பக்கத்தில் அவள் ஆட்டோவில் ஏறிய பிறகு ஞாபகம் வந்து, குனிந்து இன்னொன்றும் சொன்னேன். "அன்னைக்கு ஒருநாள் மட்டும் அந்த டி.வி.யப் பக்கத்து வீட்டுல குடுத்து வையும்மா."