ஒரு ப்ரீபில்ட் கேமிங் கணினியைச் சோதித்து வாங்கிய அனுபவம்

அக்கா மகனுக்கு ஒரு கேமிங் டெஸ்க்டாப் வாங்கித் தரும் பொறுப்பு 2024ஆம் ஆண்டு கோடையில் என்னிடம் வந்தது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்வதுதான் மலிவு என்று பலரும் சொல்வார்கள். அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் அக்கா குடும்பம் இருப்பது திருநெல்வேலியில். ஒரு பாகம் பழுதானால் எந்தப் பாகம் என்று கண்டுபிடித்து, அதன் நிறுவனத்துக்குரிய சர்வீஸ் சென்டரைத் தேடிப் போய் வர அங்கே ஆளில்லை. ஒரே பில், ஒரே வாரண்டி, பழுதானால் பேச ஒரே கடை என்ற வசதிக்காக கடையிலேயே பூட்டி விற்கும் ப்ரீபில்ட் கணினியே வாங்குவது என்று முடிவு செய்தோம். அந்த வசதிக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதும், கொடுக்கும் பணத்துக்கு உரிய வேகம் உண்மையில் கிடைக்கிறதா என்பதும்தான் நான் கண்டறிய வேண்டியிருந்த விஷயங்கள்.

ப்ரீபில்ட் விளம்பரங்களில் இரண்டு பெயர்கள்தான் பெரிய எழுத்தில் இருக்கும்: ஒன்று ப்ராசஸர், மற்றொன்று கிராஃபிக்ஸ் கார்டு. மற்றவையெல்லாம் ‘16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, கேமிங் கேபினெட்’ என்று பெயரில்லாமல் ஒரே வரியில் முடிந்துவிடும். விற்பவர் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இந்தப் பெயரில்லாத பாகங்களில்தான் என்பதை, பல விலைப்பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது தெளிவாகக் கண்டேன்.

சில விளம்பரங்களில் அந்தப் பெரிய பெயர்களே ஏமாற்றக்கூடியவை. ‘ஐ7 கேமிங் பிசி’ என்று மிகக் குறைந்த விலைக்கு வருபவற்றில் பல, அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்ட பழைய கணினிகளுக்குப் புதுக் கேபினெட்டும் வண்ண விளக்குகளும் பூட்டியவை. அவற்றில் இருக்கும் ஐ7-3770 என்ற ப்ராசஸர் 2012இல் வந்தது. நான்கு கோர் (கணக்கிடும் மையம்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்). 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் வேகத்தில் இரண்டுக்கும் பெரும் இடைவெளி உண்டு. ஒருசிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் ப்ராசஸர்களை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதுமில்லை. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரிலும் இரு வேறு கிராஃபிக்ஸ் கார்டுகள் வந்துள்ளன. 8 ஜிபி கார்டில் 2560 கோர்களும் 128 பிட் பஸ்ஸும் (மெமரிக்குச் செல்லும் தரவுப் பாதை) உண்டு; 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர்களும் 96 பிட் பஸ்ஸும்தான். விளம்பரத்தில் 3050 என்று மட்டும் போட்டிருந்தால் எது வரும் என்று கேட்டே ஆக வேண்டும்.

கடைசியில் தேர்வு இரண்டு கணினிகளுக்கு இடையில் வந்து நின்றது. இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. ஒன்றில் இன்டெல்லின் ஐ5-12400எஃப் ப்ராசஸர், மற்றொன்றில் ஏஎம்டியின் ரைசன் 5 5500. ரைசன் உள்ளது விலை குறைவு என்பதால் மருமகனுக்கு அதன் மேல்தான் நாட்டம். ஆனால் 4060 கார்டு ப்ராசஸரோடு தரவைப் பரிமாறும் பாதைகளான பிசிஐஇ லேன்களில் எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. 5500 ப்ராசஸரோ பழைய, மெதுவான பிசிஐஇ 3.0 வரையில்தான் செல்லும். கார்டின் சொந்த மெமரி நிரம்பிவழியும் விளையாட்டுகளில் இந்தக் குறுகிய வழி வேகத்தைக் கெடுக்கும். 5600 ப்ராசஸரில் 32 எம்பி இருக்கும் எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள அதிவேக மெமரி), 5500இல் பாதியாக 16 எம்பி என்பதும் விளையாட்டுகளைப் பாதிக்கக்கூடியது. இவற்றை அவனிடம் விளக்கியபின் இன்டெல் கணினியையே எடுப்பது என்று தீர்மானித்தோம்.

சென்னை ரிச்சி தெருவில் அதை விற்ற கடையில் சொன்ன விலை, ஜிஎஸ்டி உட்பட, 69,500 ரூபாய். ஒவ்வொரு பாகத்தின் நிறுவனத்தையும் மாடலையும் எழுதித் தருமாறு கேட்டேன். “சார், எல்லாமே பிராண்டட்தான்” என்பது முதல் பதில்; அந்தப் பதிலோடு நின்றுவிடாமல், எழுதித் தந்தால்தான் அட்வான்ஸ் என்று மரியாதையாகவே சொன்னேன். பட்டியல் கைக்கு வந்ததும் அதே தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் அதே மாடல்களுக்குத் தனித்தனியே விலை விசாரித்தேன். ப்ராசஸர் 10,500, கிராஃபிக்ஸ் கார்டு 28,500, எச்610 மதர்போர்டு 6,500, ஒரே குச்சியாக 16 ஜிபி ராம் 3,200, எஸ்எஸ்டி 3,000, கேபினெட் 3,000, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் 1,500. ஆக மொத்தம் 56,200 ரூபாய். பூட்டுவதற்கும் வாரண்டிப் பொறுப்புக்குமாக 13,300 ரூபாய், அதாவது பாகங்களின் விலையில் ஏறத்தாழ 24 சதவீதம் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் புலப்பட்டது. என் கணக்கில் 10 முதல் 15 சதவீதம் நியாயம். அதற்கு மேல் போனால் காரணம் சொல்ல வேண்டியது கடைக்காரர்தான்.

அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மீதிப் பணம் தருவதற்கு முன் கணினியைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றும், ஏழு நாட்களுக்குள் குறை தெரிந்தால் பாகத்தை மாற்றித் தர வேண்டும் என்றும் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். இரண்டாவது நிபந்தனைக்குக் காரணம் இருக்கிறது. கடையில் ஏசி ஓடுகிறது. கணினி வாழப்போகும் அறையில் ஏசி கிடையாது. குளிர்ந்த அறையில் எடுத்த வெப்ப அளவை வைத்து நம் ஊர்க் கோடையை மதிப்பிட முடியாது.

கடையில் முதலில் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்தேன். வெளிப்புறத்தில் ‘500 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையில் 12 வோல்ட் வரிக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை எடுப்பது இந்த 12 வோல்ட் வரியிலிருந்துதான். 4060 கார்டு மட்டும் 115 வாட் வரை எடுக்கும். 12400எஃப் ப்ராசஸரின் உச்ச வரம்பு 117 வாட். மற்ற எதையும் கணக்கில் சேர்க்காமலேயே தாங்கும் அளவைத் தாண்டிவிடுகிறது. இன்னும் மோசமானது, கார்டுக்குச் செல்லும் எட்டு முனை இணைப்பு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்குகளுக்கான மோலெக்ஸ் முனையிலிருந்து ஒரு மெல்லிய கன்வெர்ட்டர் ஒயர் மூலம் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒயரின் மஞ்சள் நிற இழை, என் போன் சார்ஜரின் ஒயர் அளவுக்கே இருந்தது. இத்தகைய இணைப்பு சூடேறிப் பிளாஸ்டிக் உருகும் ஆபத்து உள்ளது என்பதால், வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றியே தர வேண்டும் என்று உறுதியாகச் சொன்னேன். ப்ரீபில்ட் வாங்கும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது. எஸ்எம்பிஎஸ் கெட்டால் தன்னோடு மற்ற பாகங்களையும் கொண்டுபோகக்கூடும். கடையில் 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்திறன் சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைக் கொண்டுவந்தார்கள். அதில் எட்டு முனை ஒயர் தனியாகவே இருந்தது.

அடுத்து ராம். பென் டிரைவில் கொண்டுபோயிருந்த சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால், மெமரி பகுதியில் ஒற்றைச் சேனல் (ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே ஒரே தரவுப் பாதை) என்றும், அதிர்வெண் 1333 மெகாஹெர்ட்ஸ் என்றும் காட்டியது. டிடிஆர் மெமரியில் அந்த எண்ணை இரட்டிப்பாக்கிப் படிக்க வேண்டும். ஆக 3200 என்று விற்ற ராம் 2666இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காமல் விட்டதே காரணம். அதைச் சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒற்றைக் குச்சியின் குறை அப்படிப்பட்டதல்ல. 3200 வேகத்தில் ஒரு சேனல் நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். 8 ஜிபி குச்சிகள் இரண்டு போட்டால் 51.2 ஜிபி. நொடிக்குத் திரையில் வரும் படங்களின், அதாவது ஃப்ரேம்களின், சராசரி எண்ணிக்கையில் இதன் விளைவு ஓரளவுக்குத்தான் தெரியும். விளையாட்டு நடுவே சட்டென்று தடுக்குவதுபோல வரும் நொடிகளில்தான் முழுமையாகத் தெரியும்.

இதை நிரூபிக்க சைபர்பங்க் 2077 விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க்கை இரு முறையிலும் ஓட்டி, ஆஃப்டர்பர்னர் மூலம் ‘1 சதவீதக் குறைவு’ என்ற அளவையும் எடுத்தேன். எல்லா ஃப்ரேம்களிலும் மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்கின் வேகத்தைச் சொல்லும் அளவு அது. ஒற்றைக் குச்சியில் சராசரி 71, குறைவு 44. இரட்டைக் குச்சியில் சராசரி 78, குறைவு 59. நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொன்றும் 16.7 மில்லி நொடிக்குள் வர வேண்டும். 44 என்பது கிட்டத்தட்ட 23 மில்லி நொடி. கண் இதைக் கவனிக்காமல் இருக்காது. சராசரியை மட்டும் காட்டி விற்பவர்களை நான் நம்பாததற்கு இந்த நான்கு எண்களே போதும்.

மற்ற சோதனைகள் சிக்கலின்றி முடிந்தன. ஜிபியு-இசட் கார்டின் விவரங்களைச் சரியாகவே காட்டியது. போலிக் கார்டாக இருந்தால் அந்த மென்பொருளே பெயருக்கு முன் போலி என்று குறித்துவிடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி ஓடிய மணிநேரம் ஒற்றை இலக்கத்தில் இருந்ததால் அது புதியது என்று உறுதியானது. டைம் ஸ்பை என்ற கிராஃபிக்ஸ் சோதனையில் கார்டின் மதிப்பெண் 10,400ஐ ஒட்டி வந்தது. 4060க்கு எதிர்பார்க்க வேண்டியதும் அதுதான்.

விண்டோஸில்தான் வேறு விஷயம் வெளிப்பட்டது. செட்டிங்ஸ் பக்கம் ‘ஆக்டிவேட்டட்’ என்று காட்டினாலும், கமாண்ட் பிராம்ப்ட்டில், உரிமத்தின் விவரத்தைக் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்ற வகை என்று வந்தது. அது பெரிய நிறுவனங்கள் தங்கள் சொந்த சர்வர் மூலம் பயன்படுத்தும் உரிமம். 180 நாட்களுக்கு ஒருமுறையாவது அந்த சர்வர் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக் கணினியில் அது இருக்க நியாயமே இல்லை. உரிமம் தனியாக நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி விலையில் 3,000 ரூபாய் குறைத்துக்கொண்டோம்.

என் வீட்டுக்குக் கொண்டுவந்து, மே மாத மதியத்தில், 33 டிகிரி இருந்த அறையில் மீண்டும் ஓட்டியபோது கேபினெட்டின் உண்மையான குணம் தெரிந்தது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. காற்று நுழைய ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி மட்டுமே. பின்பக்கம் ஒரே ஒரு ஃபேன். ஜன்னலை அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிட்ட சமையலறை போலிருந்தது அது. அரை மணி நேர விளையாட்டுக்குப் பின் கார்டு 81 டிகிரி. பக்கக் கதவைக் கழற்றி வைத்து அதே சோதனையைச் செய்தால் 70 டிகிரி. கார்டில் குறையில்லை, காற்று வராததுதான் குறை என்பதற்கு இந்த 11 டிகிரி வித்தியாசமே சான்று. சினிபெஞ்ச் ஆர்23 சோதனையை அதன் வழக்கமான பத்து நிமிடத்துக்கு ஓட்டியபோது ப்ராசஸர் 88 டிகிரி வரை சென்றாலும் எல்லாக் கோர்களும் 4 கிகாஹெர்ட்ஸில் நிலைத்து நின்றன. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரே அதற்குப் போதுமானதாக இருந்தது. பில்லில் எழுதியிருந்த நிபந்தனையைக் காட்டி, முன்பக்கம் வலை போட்ட கேபினெட்டாக மாற்றி, முன்னே இரண்டு ஃபேன்களும் பூட்ட வைத்தேன். அதன்பின் அதே அறையில் கார்டு 72 டிகிரியைத் தாண்டவில்லை. ஃபேன் சத்தமும் பாதியாகக் குறைந்தது.

கேபினெட் அதே விலையில் மாறியது. எஸ்எம்பிஎஸ், ராம், ஃபேன்கள் ஆகிய மாற்றங்களால் பாகங்களின் மொத்த மதிப்பு 60,600 ஆனது. இவற்றுக்காகக் கடைக்காரர் கூடுதலாகக் கேட்டது 2,000 ரூபாய்தான். விண்டோஸுக்காகக் குறைத்த 3,000 போக, நாங்கள் கொடுத்தது 68,500. இடைவெளி 7,900 ரூபாய், சுமார் 13 சதவீதம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பில்லில் பதிந்து தந்ததையும், மூன்று ஆண்டுகளுக்குப் பழுது பார்க்கும் பொறுப்பை ஏற்றதையும் சேர்த்துப் பார்த்தால் அது எனக்கு நியாயமாகவே பட்டது. கேட்டதும் மறுக்காமல் மாற்றித் தந்த அந்தக் கடையின் டெக்னீஷியனுக்கு என் நன்றி உண்டு. முதலிலேயே இப்படிப் பூட்டியிருக்கலாமே என்ற வருத்தமும் உண்டு.

மாற்ற முடியாமல் விட்டவை இரண்டு. மதர்போர்டில் இரண்டே ராம் ஸ்லாட்கள் என்பதால், பிற்காலத்தில் 32 ஜிபி வேண்டுமென்றால் இப்போதுள்ள இரண்டு குச்சிகளையும் எடுத்துவிட வேண்டும். கார்டின் 8 ஜிபி மெமரியைக் கூட்டவே வழியில்லை. மருமகனின் மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். அந்தத் திரைக்கு இந்தக் கார்டு பொருத்தமானது. அதைவிடக் கூர்மையான 1440பி மானிட்டர் வாங்கும் ஆசை வந்தால் முதலில் கார்டை மாற்றப் பணம் சேர்க்க வேண்டும், புதிய எஸ்எம்பிஎஸ் அதற்கும் இடங்கொடுக்கும் என்று அவனிடம் சொல்லியே பெட்டியைத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன்.