கழுத்தைத் தடவிப் பார்க்கும் நாள்

தெருவிலிருந்து மீட்டுத் தத்துக் கொடுத்த நாய்களையும் அவற்றை எடுத்துக்கொண்ட குடும்பங்களையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூட்டுகிறோம் என்று சொன்னால் கேட்பவர் முகம் உடனே மலர்ந்துவிடும். பலூன், தொப்பி, கழுத்தில் கைக்குட்டை கட்டிய லாப்ரடார் எல்லாம் மனக்கண்ணில் ஓடும் போலிருக்கிறது. நான் மறுத்துப் பேசுவதில்லை. அப்படி நினைத்தால்தான் ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வருவார்கள். ஆனால் அழைப்பிதழில் அச்சிடாத காரணம் வேறு. கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்கச் சீர்த்தட்டோடு போகிற தாய்வீட்டார் எதைப் பார்ப்பார்களோ, அதைத்தான் நாங்களும் பார்க்கிறோம்.

எங்கள் குழு தென்சென்னையில் இயங்குகிறது. வண்டியில் அடிபட்டவை, வளர்த்தவர் வீடு மாறும்போது தெருவில் விட்டுப் போனவை, தாயை இழந்த குட்டிகள் எனக் கைக்கு வருபவற்றுக்குச் சிகிச்சையும் கருத்தடையும் செய்து வீடு தேடித் தருகிறோம். கொடுக்கும்போது வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறோம், படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம், முதல் சில மாதங்கள் தொலைபேசியில் விசாரிக்கிறோம். "நன்றாக இருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான்" என்ற பதிலோடு ஒரு புகைப்படமும் வரும். புகைப்படத்தில் நாயின் நகம் தெரியாது. காதுக்குள் இருக்கும் உண்ணி தெரியாது. வளர்ப்பவர் கையை உயர்த்தினால் அது வாலை ஆட்டுகிறதா, குறுகிப் படுக்கிறதா என்பதும் தெரியாது. அதற்குத்தான் இந்தக் கூடல்.

தேதியை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் மழைக்காலம். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. தீபாவளியை ஒட்டிய நாட்களில் வெடிச்சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் பதுங்கிய நாய் வெளியே வரவே தயங்கும். மார்ச் பிறந்தால் வெயில். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் ஒழுங்காக வராது. ஆகவே பொங்கல் கழிந்து வரும் ஒரு ஞாயிறு, காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் கடைசி நாயும் வண்டியேறிவிட வேண்டும். "பதினொரு மணிக்கு வைத்தால் நிதானமாக வரலாமே" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். வெறும் புறங்கையை மணலில் ஐந்தாறு விநாடி வைத்துப் பாருங்கள் என்பேன்.

"மெரினாவில் நடத்தலாமே" என்பது அடுத்த யோசனை. கடற்கரையில் ஏற்கெனவே நாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அங்கே எல்லை உண்டு. விருந்தாளியாகப் போனாலும் எல்லை மீறியது மீறியதுதான். பூங்காக்களில் நாயைப் பார்த்தாலே காவலாளி விசில் ஊதுகிறார். கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காடு தாண்டி, மதில் சுவர் வைத்த ஒரு தென்னந்தோப்பை அரைநாள் வாடகைக்கு எடுப்பது வழக்கமாகிவிட்டது. முதன்முறை பேசப் போனபோது தோப்புக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், நாய்க்குக் காதுகுத்தா?" என்று கேட்டார். இப்போது அவரே இரண்டை வளர்க்கிறார், அது வேறு கதை.

தோப்பைப் பார்க்கப் போகும்போது நிழலையும் காற்றையும் ரசிக்க நேரமிருக்காது. சுவரைச் சுற்றி நடந்து, மழைநீர் வெளியேற விட்ட ஓட்டைகளை எண்ணி ஒவ்வொன்றுக்கும் கல் வைக்க வேண்டும். பயந்த நாட்டுநாய் ஒன்று உடம்பைச் சுருக்கினால் நுழையும் சந்து நம் கண்ணுக்குச் சந்தாகவே படாது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் உண்டா, எலிமருந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அண்மையில் அங்கே குட்டி ஏதாவது வாந்தியும் இரத்தப்போக்கும் கண்டு இறந்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். குட்டிகளை அப்படிக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயில் ஊற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும். மண் தரை முழுவதையும் அப்படிக் கழுவ முடியாது என்பதால், ஆம் என்று பதில் வந்தால் இடத்தையே மாற்றிவிடுவோம். தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிகளை எவ்வளவு கெஞ்சினாலும் உள்ளே விடாததும் இதனால்தான்.

நிஜமான வேலை வாசலில் நடக்கிறது. தோப்பின் இரும்புக் கதவுக்குள்ளே மூங்கில் தட்டியால் இன்னொரு கதவு கட்டுகிறோம். வெளிக்கதவு சாத்திய பிறகுதான் உள்கதவு திறக்கும். அந்த இடைவெளியில் ஒரு மேசை, எடைபார்க்கும் கருவி, எங்களுக்காக ஆண்டுதோறும் வரும் கால்நடை மருத்துவர். தடுப்பூசி அட்டையில் வெறிநோய் ஊசியின் தேதி காலாவதியாகியிருந்தால் உள்ளே வர முடியாது. "ஒரு வாரம்தானே தள்ளியிருக்கிறது" என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு, சண்டை போடட்டும். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பையும் உரிமத்தையும் கட்டாயமாக்கி, இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த பிறகு எங்கள் வேலை கொஞ்சம் எளிதாயிற்று. அப்போது உரிமக் கட்டணம் 50 ரூபாய்தான். அந்த ஐம்பது ரூபாயைக்கூடக் கட்டாதவர் நாயின் மற்ற செலவுகளை எப்படிப் பார்ப்பார் என்பதும் ஓரளவு தெரிந்துவிடுகிறது.

மருத்துவர் நாயைக் கொஞ்சுவது போலத்தான் இருக்கும். ஆனால் விரல்கள் வேலை செய்துகொண்டிருக்கும். முதலில் விலாவைத் தடவுவார்; எலும்பு துருத்தினாலும் குற்றம், விரலுக்கு அகப்படவே இல்லை என்றாலும் குற்றம். மீட்டவற்றில் பாதி, போன வீட்டில் பிஸ்கட் தின்றே கொழுத்துப் போகின்றன. பிறகு நகம். அன்றாடம் கரடுமுரடான தரையில் நடக்கும் நாய்க்கு நகம் தேய்ந்திருக்கும். வளைந்து நீண்டிருந்தால் அது நான்கு சுவருக்குள்ளேயே கிடக்கிறது என்று அர்த்தம். கடைசியாகக் கழுத்துப்பட்டையை மேலே தள்ளிவிட்டு அடியில் தடவுவார்.

இந்த முறை ஒரு பழுப்புப் பெண் நாயின் கழுத்தில் அவர் விரல் நின்றது. பட்டைக்குச் சற்றுக் கீழே, சுற்றிலும் முடி கொட்டி, தோல் கறுத்துத் தடித்திருந்தது. புத்தம்புதிய சிவப்புப் பட்டை. குளிப்பாட்டி, பவுடர் வாசனையோடு கூட்டி வந்திருந்தார்கள்.

"சங்கிலியா?" என்றார் மருத்துவர்.

"இரவில் மட்டும்தான் டாக்டர். வாசலில் கட்டினால்தானே காவலுக்கு ஆகும்."

"இரவில் மட்டும் கட்டினால் இப்படிக் காய்ப்பு ஏறாது, சார்."

நாயை வளர்ப்பவரின் மகள், பள்ளிக்கூட வயதுப் பெண், தலையைக் குனிந்துகொண்டு, "பகலிலும் கட்டுவோம், ஆன்ட்டி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். உள்ளே விட்டோம். நாயைத் தண்டித்து என்ன பயன்? அவர் பெயருக்கு நேரே மட்டும் மேசையில் இருந்த பட்டியலில் ஒரு குறி விழுந்தது.

உள்ளே போனதும் நாய்களை அவிழ்த்துவிட்டு ஓடவிடுவோம் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். முதல் அரைமணி நேரம் எல்லோரும் ஒரே திசையில், இடைவெளி விட்டு, தோப்பைச் சுற்றி நடக்க வேண்டும். நேருக்கு நேர் முகம் பார்ப்பது நாய் மரியாதையில் சவால். பக்கவாட்டில் நடந்தபடி பின்புறத்தை மோந்து பார்த்துக்கொள்வதுதான் அறிமுகம். கூச்சமோ கோபமோ உள்ள நாயின் வாரில் மஞ்சள் நாடா கட்டுகிறோம். அதன் அருகே போகாதீர்கள் என்று அர்த்தம். மூலையில் வலைகட்டிய சிறு இடத்தில் மட்டும், ஒத்துப்போகும் என்று தெரிந்தவற்றை இரண்டிரண்டாக அவிழ்த்துவிடலாம். சண்டை மூள்வது பெரும்பாலும் நாயால் அல்ல, பதறிப்போய் வாரை இறுக்கிப் பிடிக்கும் மனிதரால்தான். கழுத்து இறுகினால் நாய்க்குப் பயம் கூடும். அப்படியும் கடித்துக்கொண்டால் இடையில் கையை விடக்கூடாது. பக்கெட் தண்ணீரை ஊற்றுவோம். விடாவிட்டால் இரண்டின் பின்னங்கால்களையும் இருவர் ஒரே நேரத்தில் தூக்கிப் பின்னால் இழுப்பார்கள்.

சாப்பாட்டுக்கு எங்களிடம் கடுமையான சட்டம். நாய்கள் இருக்கும்வரை தண்ணீர் மட்டும், அதுவும் அவரவர் கொண்டுவந்த கிண்ணத்தில். மனிதர்களுக்கான வெண்பொங்கலும் வடையும் சுவருக்கு அந்தப் பக்கம், முறைவைத்துப் போய்ச் சாப்பிட வேண்டும். சாம்பாரில் வெங்காயம், பாயசத்தில் உலர்திராட்சை. இரண்டும் நாய்க்கு ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். சட்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பாட்டி இடுப்பிலிருந்து வடையை எடுத்து நீட்டியிருப்பார். பாட்டிகளுக்கு எதிராக எங்களிடம் சட்டம் எதுவும் செல்லுபடியாவதில்லை.

இதற்கெல்லாம் நடுவே, எல்லோரும் எதிர்பார்த்து வரும் காட்சி ஒன்று உண்டு: மீட்டவரைக் கண்டதும் நாய் பாய்ந்து வந்து முகத்தை நக்குவது. சில நாய்கள் அப்படிச் செய்வதும் உண்மைதான். கறுப்பன் செய்யவில்லை. பிறப்புறுப்பில் கட்டி முற்றி இரத்தம் சொட்டிக்கொண்டிருந்தவனை வேளச்சேரியில் பிடித்து, வாராவாரம் வின்கிரிஸ்டின் ஊசிக்குத் தன் ஆட்டோவில் கொண்டுபோனவர் எங்கள் தன்னார்வலர் ஒருவர். அந்தக் கட்டி நாய்களிடையே இனச்சேர்க்கையால் தொற்றும் புற்றுநோய். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அந்த ஊசிக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும். கரைந்தது. இப்போது பளபளவென்று வந்து நின்ற கறுப்பன், "டேய்" என்ற குரலைக் கேட்டதும் தன் வீட்டு அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். ஊசியும் அந்தக் குரலும் அவனுக்கு ஒன்றுதான். ஆட்டோக்காரர் முகம் வாடிப்போயிற்று. எனக்கோ அன்று பார்த்தவற்றில் அதுவே நிறைவான காட்சி. பயந்தால் யாரிடம் ஓட வேண்டும் என்று ஒரு நாய் தெரிந்துவைத்திருந்தால், அந்த வீட்டைப் பற்றி நாங்கள் கேட்க வேறு கேள்வி இல்லை.

காதில் ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்து, "ஐயோ, யார் அறுத்தது?" என்று தோப்புக்கு வந்த உறவினர்கள் கேட்பார்கள். தெருநாய்க்குக் கருத்தடை செய்ததற்கான அடையாளம் அது. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964இலேயே இந்த ஊரில் தொடங்கிய வேலையை மாநகராட்சி 1996இல்தான் ஏற்றுக்கொண்டது. மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும், கருத்தடையும் வெறிநோய் ஊசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. டெல்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைப்பது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22இல் திருத்திய உத்தரவில், தத்து எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவரின் பொறுப்பு என்றது. அந்தச் செய்தி வந்த நாட்களில் எங்களுக்கும் தத்துக் கேட்டு அழைப்புகள் குவிந்தன. இரக்கத்தில் கேட்பவர்களை நான் கொஞ்சம் காக்க வைப்பேன். இரக்கம் ஒரு மாதத்தில் ஆறிவிடும். நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டு வாழும்.

கூடல் முடிந்த மறுநாள்தான் எங்களுக்கு முக்கியமானது. இரண்டு பட்டியல்கள் கையில் இருக்கும்: குறி விழுந்தவர்கள், வராதவர்கள். சங்கிலிக்காரர் வீட்டுக்கு நானே போனேன். மாடிப்படிக்குக் கீழே தடுப்பு வைத்தால் கட்ட வேண்டியதில்லை என்று இடத்தை அளந்து காட்டினேன். மாதக் கடைசிவரை அவகாசம் கேட்டார், கொடுத்தேன். வராதவர்களில் பலருக்கு நியாயமான காரணம் இருந்தது: கார் பயணத்தில் வாந்தி எடுக்கும் நாய், பிள்ளைக்குத் தேர்வு. ஒருவர் மட்டும் வேலை மாறி பெங்களூரு போய்விட்டாராம். நாயைத் திண்டுக்கல் பக்கம் மாமனாரின் தோட்டத்தில் விட்டிருக்கிறாராம். "சுதந்திரமாகச் சுற்றுகிறான், நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றார். வரும் சனிக்கிழமை எங்களில் ஒருவர் அந்த வழியாகத்தான் மதுரை போகிறார். தோட்டத்து முகவரியை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை; மறுபடி அழைக்க வேண்டும்.