தாத்தா இருந்தது எந்தப் பட்டாளம்?

"எங்க தாத்தா பட்டாளத்துல இருந்தாரு." மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களில் குடும்ப வரலாற்றுத் தேடல் இந்த ஒரு வரியில்தான் தொடங்கும். பாட்டி வாயில் வரும் பட்டாளம் ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம்: பிரிட்டிஷ் இந்திய ராணுவம், போருக்கு முந்திய தொண்டர் படை, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.), கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான 1948-60 அவசரகாலத்து எஸ்.சி. என்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள், ஊர்க்காவல் படை. எது என்று பிடிபடாமல் ஆவணக் காப்பகத்துக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

அதனால் முதல் வேலை வீட்டில்தான். "எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டால் பதில் வராது. "ஜப்பான்காரன் வந்தப்ப கல்யாணம் ஆகியிருந்துச்சா? லயத்தைச் சுத்தி முள்கம்பி போட்டப்ப பெரிய மாமா பிறந்துட்டாரா?" என்று கேட்டால் தானாக வரும். 1926 பெருவெள்ளம், ஜப்பானியர் காலமான 1942-45, தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்ட 1950-களின் தொடக்கம், 1957 மெர்டேக்கா (சுதந்திரம்) ஆகிய நான்கு மைல்கற்களும் போதும். அடுத்து, டிரில் எந்த மொழியில் என்று கேளுங்கள். தாத்தா இந்துஸ்தானியில் கட்டளைகளைச் சொல்லிக் காட்டுவார், "ஜெய்ஹிந்த்" என்று சல்யூட் அடிப்பார் என்றால் அநேகமாக ஐ.என்.ஏ. துப்பாக்கியோடு தோட்டத்திலேயே காவல் நின்று, மாதச் சம்பளமும் வாங்கினார் என்றால் எஸ்.சி. இந்த ஊருக்கு அது இயல்பு. 1948 ஜூன் 16-ல் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுடப்பட்டு அவசரகாலம் வெடித்ததே இங்கேதான்.

பத்திரங்களைப் பின்னாலிருந்து எடுங்கள். முதலில் இறப்புப் பத்திரம், பிறகு பழைய ஐசி (அடையாள அட்டை), கடைசியில் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்). பலர் தலைகீழாகப் பிறப்பில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். இந்தியாவில் பிறந்தவருக்கு இங்கே பிறப்புப் பதிவே இருக்காது. அடையாள அட்டை 1948-ல் அவசரகாலச் சட்டத்தின்கீழ் வந்தது. வயது தெரியாதவருக்கு எழுதுகிறவர் முகத்தைப் பார்த்துப் போட்ட வயதுதான் அதில் இருக்கும். அந்தப் பிறந்த ஆண்டை இரண்டு மூன்று வருஷம் முன்பின்னாகவே நம்புங்கள்.

எழுத்துக்கூட்டல்தான் பெரிய தலைவலி. கிராணி (தோட்டத்து எழுத்தர்) காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். முனுசாமி ஒரு தாளில் எம்-யூ-என்-யூ, இன்னொன்றில் எம்-ஓ-ஓ-என், மற்றொன்றில் கடைசி எழுத்து ஒய்-க்குப் பதில் ஐ. சின்னப்பன் எஸ்-ல் தொடங்கலாம், சி-எச்-சில் தொடங்கலாம். மகன் பெயருக்கு நான்கு வடிவம், தகப்பன் பெயருக்கு மூன்று என்றால் பன்னிரண்டு சேர்க்கை ஆகிவிடும். அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் போங்கள். ஒன்றை மட்டும் கொடுத்து "இல்லை" என்று பதில் வாங்கித் திரும்புவதுதான் வழக்கமான தோல்வி. ஜப்பானியர் காலத்துத் தாளில் ஆண்டு 2603 என்று இருந்தால் பிழை என்று ஒதுக்காதீர்கள். 660-ஐக் கழித்தால் 1943.

தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, நம் ஆட்கள் வழங்கிய பெயர் வேறு. இரண்டையும் குறியுங்கள். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற இடங்களில் செக்ரோல் (ஆள் வருகை, சம்பளப் பதிவு) புத்தகங்கள் அநேகமாகக் கரையானுக்குப் போயிருக்கும். அதைவிடக் கங்காணியின் பெயர் உதவும். அவர் பெரும்பாலும் தன் ஊர், பக்கத்து ஊர் ஆட்களையே கூட்டி வந்தார். கங்காணி குடும்பம் திருச்சிப் பக்கமா, சேலமா, வட ஆற்காடா என்று தெரிந்தால் உங்கள் ஊரும் பாதி தெரிந்த மாதிரி. 1938-ல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்தது. அதன் பிறகு கங்காணியோடு வந்தார் என்று கதை இருந்தால் வருஷத்தை மறுபடி விசாரியுங்கள்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல் இலவசம். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படைச் சேவையில் இறந்தவர்கள் அதில் உண்டு, உயிரோடு திரும்பியவர் இருக்கமாட்டார். நம் ஆளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஆகவே அவருடைய ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முன்னெழுத்துக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கூடுதல் விவரத்தில் "இன்னாரின் மகன், இன்ன ஊர்" என்று இருந்தால் அதிர்ஷ்டம். தைப்பிங் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் 850-க்கும் மேல், பாதிக்கு மேல் பெயர் தெரியாதவை. கல்லில் பெயர் இல்லையே என்று விட்டுவிடாமல் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரையும் தேடுங்கள். உயிரோடு திரும்பியவரைத் தேட அவருடைய படை எண் வேண்டும், கேட்க வேண்டியது அவர் இருந்த படைப்பிரிவின் மையத்தில். மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரி வெலிங்டனில், மெட்ராஸ் சாப்பர்கள் என்ற ராணுவப் பொறியியல் படையினுடையது பெங்களூரில்.

ஐ.என்.ஏ.வில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐ.என்.ஏ.வில் சேர்ந்து பின்னர் கைதான இந்திய ராணுவத்தாரை பிரிட்டிஷார் விசாரித்து, விசுவாசத்தை வைத்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள், அவர்களுக்குக் காகிதம் உண்டு. 1943-ல் நேதாஜி வந்தபின் பால்மரக் காட்டிலிருந்து நேராகச் சேர்ந்தவருக்குப் பல நேரம் ஒன்றுமே இருக்காது. புதுதில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் தேடலாம். சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகள் இன்னும் பயனுள்ளவை. உங்கள் தாத்தா பெயர் வராவிட்டாலும் அவர் இருந்த முகாம் வரலாம்.

அவசரகாலப் பதக்கம் வீட்டில் இருந்தால் பாதிப் பாரம் குறைந்தது. 'மலாயா' பட்டை போட்ட ஜெனரல் சர்வீஸ் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படை நான்கும் பொறித்திருக்கும். பிராசோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் துலக்காதீர்கள், எழுத்துத் தேயும். பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துச் சுற்றி நாலு படம் எடுங்கள். பழைய பத்திரங்களை லேமினேட் செய்யவும் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது.

கடைசியில் சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. "பட்டாளம்" என்று வீட்டில் சொல்வது சில நேரம் இதுவாக முடியும். ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்குக் கூலிகளாகப் போன நம் ஆட்களுக்கு, போர்க்கைதிகளுக்கு இருப்பது போல் பெயர்வாரிப் பட்டியலும் இல்லை, தனித்தனிக் கல்லறையும் இல்லை. தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் புத்தகம் மிஞ்சியிருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள். போருக்கு முன் சேர்ந்த அண்ணனுக்குத் தகப்பன் பெயரும், 1946-ல் சேர்ந்த தம்பிக்கு அதே கட்டத்தில் சித்தப்பா பெயரோ பாட்டி பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, நடுவில் உள்ள வருஷங்களைப் பென்சிலில் குறித்து, பாட்டியிடம் மறுபடி போய் உட்காருங்கள்.