சாவி யார் கையில்? கட்சி பிரிந்த ஊரில் சாமி படும் பாடு

மதுரை மாவட்டத்தில் உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் பக்கம் நாலு ஊர் சுற்றினால் பூட்டிக் கிடக்கிற கோயில் ஒன்றாவது கண்ணில் படும். வாசலில் நெருஞ்சி மண்டியிருக்கும். கம்பிக் கதவில் ஆளுக்கொரு பூட்டு. விசாரித்தால் "ரெண்டு கட்சியாப் போச்சு" என்பார்கள். இத்தனைக்கும் அந்த இரண்டு கட்சியிலும் சாமி இல்லை என்கிற ஆள் ஒருத்தரும் கிடையாது. எல்லாரும் அதே வாசலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தியவர்கள்தான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பக்திச் சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாமியைப் பற்றி இங்கே யாருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. வரிசை, கணக்கு, சாவி, இந்த மூன்றில்தான் பிரச்சினை.

முத்தாலம்மன் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். சாமி சாட்டுவது, அதாவது திருவிழாவை ஊருக்கு அறிவிப்பது, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. அதற்கு முன்பு ஊர்க்கூட்டம் போட்டு, வரி முடிவு செய்து, மண்ணில் சாமி செய்கிற வேளாரிடம் பிடிமண் கொடுக்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்ணும் வெற்றிலை பாக்கும் அச்சாரப் பணமும் கொடுத்தால்தான் அவர் அம்மனைச் செய்யத் தொடங்குவார். அந்த மண்ணை அள்ளிக் கொடுக்கிற கை யாருடையது? முதல் வெடி இங்கேதான் வெடிக்கும். கோயில் காரியம் பார்க்கிற காரியக்காரர் குடும்பத்தில் பெரியவர் இறந்து, அண்ணன் மகனும் தம்பி மகனும் "எனக்குத்தான் பாத்தியம்" என்று நின்றால் வேளார் மண்ணை வாங்கவே மாட்டார். வாங்கினால் அடுத்த தரப்பின் பகை. அடுத்தது பரிவட்டம் (மரியாதைக்காகத் தலையில் கட்டும் துணி), முதல் விபூதி. அதையும் தாண்டினால் கண் திறந்த அம்மனைச் சப்பரத்தில் ஏற்றி எந்தத் தெரு வழியாகக் கொண்டுவருவது, விழா முடிவில் அம்மனை வழியனுப்பும் பூஞ்சோலைக்குப் போகும்போது யார் வாசலில் நிறுத்துவது என்று வரும். கடைசியாகக் கணக்கு. போன வருடத்து மிச்சம் எவ்வளவு என்று இளவட்டம் ஒருத்தன் கூட்டத்தில் கேட்டுவிட்டால், அதுவரை சாமி காரியமாக இருந்தது அப்போதே குடும்ப மானப் பிரச்சினையாக மாறிவிடும்.

வரியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தலைக்கட்டு வரி என்பது கல்யாணமான ஆணுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு. திருப்பூருக்குப் பிழைக்கப் போனவன் புள்ளியா இல்லையா, கணவனை இழந்து பிள்ளைகளோடு இருக்கிறவர் முழுப் புள்ளியா அரைப் புள்ளியா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். வரி கொடுக்காதவரை விட்டுவிடுவார்கள், பெரிய குற்றமில்லை. ஒரு குடும்பம் நீட்டுகிற வரியை ஊர் வாங்க மறுப்பதுதான் பெரிய ஆயுதம். வரி வாங்கவில்லை என்றால் அந்த வீட்டுக்குத் தேங்காய் உடைக்கவும் உரிமை இல்லை என்று பொருள். கோயில் இரண்டாக உடைந்த பல ஊர்களில் இப்படி மறுக்கப்பட்ட ஒரு வரிதான் தொடக்கமாக இருக்கும்.

ஒன்றை இங்கேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். பங்காளிகளுக்குள் மரியாதைச் சண்டை என்பது வேறு. சாதியைச் சொல்லி ஒரு சாராரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது வேறு. இரண்டாவதை "ஊருக்குள்ள மனஸ்தாபம்" என்று மழுப்புவதை ஏற்க முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத சமூகங்களைச் சேர்ந்த கக்கன் முதலானோர் நுழைந்தபோது, கோயில் அர்ச்சகர்களான பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்து விலகி நின்றார்கள். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. பட்டர்கள்தான் சில வருடம் கழித்துத் திரும்பி வந்தார்கள். மதுரை மாவட்டத்து உத்தபுரத்தில் தலித் மக்கள் தெருவைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008-ல் இடிக்கப்பட்டது. முத்தாலம்மன் கோயிலுக்குள் அந்த ஊர் தலித் மக்கள் போவதற்கு 2011 ஆயிற்று. 1947-ஆம் வருடத்து ஆலய நுழைவுச் சட்டத்துக்குப் பிறகு அறுபது வருடத்துக்கும் மேல். இந்த வகைத் தகராறில் சமரசத்துக்கு இடமே இல்லை, அது சட்டப்படி குற்றம். இனி எழுதுவது முதல் வகையைப் பற்றித்தான்.

சண்டை முற்றினால் நடப்பது எல்லா ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். இரு தரப்பும் ஒரே தேதிக்குத் திருவிழா அனுமதி கேட்டுக் காவல் நிலையத்தில் மனு கொடுக்கும். தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். அங்கே உடன்பாடு வரவில்லை என்றால் கோட்டாட்சியர் தடை உத்தரவு போடுவார். முன்பு 144 என்று சொன்ன பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 163. மாநில அரசு நீட்டிக்காவிட்டால் அதிகபட்சம் இரண்டு மாதம்தான் செல்லும், ஆனால் திருவிழாக் காலம் அதற்குள் போய்விடும். அப்புறம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. "திருவிழா நடத்தலாம், யாருக்கும் பரிவட்டம் கிடையாது, முதல் மரியாதை கிடையாது" என்கிற மாதிரி நிபந்தனையோடு உத்தரவு வாங்கி வருகிற ஊர்கள் உண்டு. பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். மரியாதை இல்லாத திருவிழா எதற்கு என்று! எது முதலில் வந்தது, அம்மனா பரிவட்டமா என்பது அந்த நேரத்தில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

மரியாதை உரிமையைச் சட்டப்படி முடிவு செய்யத்தான் வேண்டும் என்றால், போக வேண்டிய இடம் அறநிலையத் துறை இணை ஆணையர் அலுவலகம். 1959-ஆம் வருடச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். நேராக சிவில் கோர்ட்டுக்குப் போய், பதவியோடு சேராத வெறும் மரியாதைக்காக வழக்குப் போட்டால் நிற்காது. இது தெரியாமல் நாலைந்து வருடம் வாய்தாவுக்கு அலைபவர்கள் ஏராளம்.

பக்திக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால், முதல் வருடம் கூடத்தான் செய்யும். போட்டிக்குப் போட்டி. இரண்டு ஃபிளெக்ஸ், இரண்டு ரேடியோ செட், இரண்டு அன்னதானம். மூன்றாம் வருடம் வரி தாங்காது. அதற்கப்புறம்தான் உண்மையான சேதம் தெரியும்.

முளைப்பாரியைப் பாருங்கள். ஓட்டில் வைக்கோலைச் சுருட்டி வைத்து, மேலே காய்ந்த ஆட்டுப் புழுக்கையும் சாணத்தூளும் மண்ணும் பரப்பி, முதல் நாள் ஊறவைத்த பாசிப்பயறு, தட்டப்பயறு, மொச்சை, சோளம் எல்லாம் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைப்பார்கள். ஏழு அல்லது ஒன்பது நாள், வேளைக்குத் தண்ணீர் தெளித்து, இரவில் கும்மி கொட்டி வளர்க்க வேண்டும். வெளிச்சம் இல்லாததால்தான் அந்த வெளிர் மஞ்சள் நிறம், அந்த உயரம். தண்ணீர் கூடினால் அடியில் அழுகி நாற்றம் எடுக்கும், குறைந்தால் நுனி கருகும். எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, அறைக்குள் போகிற மூத்த பெண்ணின் கை அளவுதான். ஊர் இரண்டானால் முளை போடும் அறையும் இரண்டாகும். கைப்பக்குவம் தெரிந்தவர் ஒரு பக்கம், பாட்டுத் தெரிந்தவர் இன்னொரு பக்கம். பத்து வருடம் திருவிழா நின்றுபோனால், அந்தப் பத்து வருடத்தில் வயதுக்கு வந்த பெண்களுக்குக் கும்மிப் பாட்டின் இரண்டாவது அடியே தெரியாது. கோர்ட் உத்தரவு கோயிலைத் திறக்கும். பாட்டை எங்கே போய்த் தேடுவது?

அதைவிடப் பெரிய சேதம் சாமியாடியின் வாக்கு. சாமி இறங்கினால் அவர் யாருக்கும் பங்காளி இல்லை என்பதுதான் ஏற்பாடு. ஊர்ப் பெரியவரையே "ஏண்டா" என்று கேட்கிற உரிமை அந்த நேரத்தில் மட்டும் அவருக்கு உண்டு. கட்சி பிரிந்தபின் அவர் எந்தக் கட்சி என்று பார்க்கத் தொடங்குகிறார்கள். "நடிக்கிறான்" என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அடுத்த வருடம் சொந்தக் கட்சிக்காரனுக்கே சந்தேகம் வரும். குறி கேட்கவும் சத்தியம் வாங்கவும் வெளியே போக ஆரம்பிப்பார்கள். மேலமடை பாண்டி கோயிலுக்கும், அழகர்மலை பதினெட்டாம்படிக் கருப்பணசாமி சந்நிதிக்கும் வருகிற கூட்டத்தில் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பதினெட்டாம்படியில் உருவம் இல்லை, சந்தனம் சாத்திய கதவுதான் சாமி. அங்கே எந்த ஊர்க்காரருக்கும் முதல் மரியாதை கேட்கத் தோன்றாது. சொந்த ஊரில் செத்த நம்பிக்கை அங்கே போய் உயிரோடு இருக்கிறது.

இது கோயிலோடு நிற்பதில்லை. மாதா கோயில் சப்பர பவனி எந்தத் தெருவில் திரும்புவது என்று நின்றுபோன திருவிழாக்கள் உண்டு. ஜமாத் வரி தகராறில் இரண்டான பள்ளிவாசல்களும் உண்டு. பெயர்கள்தான் மாறும்.

பிரிந்தே தீருவது என்றால் அதற்கும் மரபில் வழி இருக்கிறது. பழைய கோயிலில் பிடிமண் எடுத்துத் தனிக் கோயில் கட்டிக்கொள்வது. வெளியூரில் குடியேறிய பங்காளிகள் காலங்காலமாகச் செய்ததுதான். இன்றைக்கு இதில் ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும்: இடம் பட்டா இடமாக இருக்கட்டும், பத்திரம் தனி ஆள் பெயரில் இருக்க வேண்டாம். புறம்போக்கில் கட்டினால் நோட்டீஸ் வரும். தனி ஆள் பெயரில் இருந்தால் அவர் பிள்ளைகள் காலத்தில் மறுபடியும் பங்காளிச் சண்டை.

சேருவது என்றால் பேச்சை மரியாதையில் தொடங்காதீர்கள். சாமிப் பெட்டியில் தொடங்குங்கள். இரு தரப்பிலும் ஆளுக்கு மூன்று பேர், மூன்றாவது ஊர்க்காரர் ஒருவர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, நகைகளை எடைபோட்டு, படம் எடுத்து, பட்டியலில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு இரட்டைப் பூட்டு, தரப்புக்கு ஒரு சாவி. பெட்டி சரியாக இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி வன்மம் இறங்கும். திருட்டுச் சந்தேகம்தான் பல இடங்களில் வெளியே சொல்லாத காரணம்.

அப்புறமும் முடியாத கேள்விக்குப் பூப் போட்டுப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, ஒரே அளவு வெற்றிலையில் ஒரே நூலால் ஒரே ஆள் கட்டி, சாமி காலடியில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. இது கெட்டுப்போவது எங்கே என்றால், கேள்வியை முன்கூட்டியே எழுதி வைக்காததால். "திருவிழா நடத்தலாமா" என்று கேட்டுப் பூ வாங்கிவிட்டு, "எங்க தரப்பு நடத்தலாம்னு அம்மன் சொல்லிருச்சு" என்று கிளம்புவார்கள். கேள்வி ஒரே வரியாக, ஆம் இல்லை என்று பதில் வருகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு தடவைதான் எடுப்பது என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். தோற்ற தரப்பு "மூணுக்கு ரெண்டு பாப்போம்" என்று நிச்சயம் கேட்கும்.

வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த கோயிலைத் திறந்த கையோடு பெரிய திருவிழா எடுப்பது தப்புக் கணக்கு. வௌவால் எச்சத்தைக் கழுவி, விளக்குப் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை பொதுப் பொங்கல் மட்டும் வைக்கலாம். சப்பரம் வேண்டாம், பரிவட்டம் வேண்டாம். கட்டிக்கொடுத்த பெண்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புங்கள். அவர்களுக்குப் பிறந்த வீட்டுக் கட்சியும் உண்டு, புகுந்த வீட்டுக் கட்சியும் உண்டு என்பதால் எந்தப் பக்கமும் சத்தம் பெரிதாகாது. இரண்டாவது வருடம் முளைப்பாரி, ஒரே அறையில். சப்பரம் மூன்றாவது வருடம் பார்த்துக்கொள்ளலாம். இந்த மூன்று வருடமும் மைக்கில் நன்கொடையாளர் பெயர் வாசிப்பதை மட்டும் நிறுத்தி வையுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கணக்கு நோட்டில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினால் போதும்.