எரியவும் வேண்டும், மணக்கவும் வேண்டும்

காந்தாரி மிளகாயை எங்கள் வீட்டில் யாரும் நட்டது கிடையாது. கிணற்றடி, வேலியோரம், வாழை மூடு என்று கொண்டைக்குருவி எச்சமிட்ட இடமெல்லாம் தானாக முளைக்கும். கடைப் பச்சை மிளகாய் கீழே பார்த்துத் தொங்கும். காந்தாரி வானத்தைப் பார்த்து நிற்கும். பழுத்துச் சிவந்துவிட்டால் விரல் பட்டாலே காம்பை விட்டுக் கழன்றுவரும். எல்லாம் பறவைக்குச் செய்துவைத்த ஏற்பாடு. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பறவைகளுக்கு உறைக்காது. விதையும் அவற்றின் வயிற்றுக்குள் கெடாமல் வெளியே வந்துவிடும். பல்லால் கடித்து விதையை நொறுக்கும் எலி போன்றவற்றை அண்டவிடாமல் செய்யத்தான் அந்தக் காரம். நாமும் பல்லுள்ள கூட்டம்தான். ஆனாலும் தேடிப்போய்த் தின்கிறோம்.

குமரி மாவட்டத்துத் தக்கலைப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, என்றாலே கூட காந்தாரி வேண்டும். அம்மை அதை மிக்ஸியில் போட விடமாட்டாள். நாலைந்து காந்தாரி, அதற்கு இரண்டு மடங்கு உள்ளி (சின்ன வெங்காயம்), கல்லுப்பு. அம்மியில் வைத்து நசுக்க வேண்டும், அரைக்கக் கூடாது. மிளகாய்த் தோல் கிழிந்து, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதை வெளியே வர வேண்டும். காரம் முழுக்க விதையில் என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஊறுவது இந்த வெள்ளைச் சதையில்தான். கடைசியில் செக்குத் தேங்காயெண்ணெயைப் பச்சையாகவே ஊற்றிக் குழைப்பாள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் காரம் ஓரிடத்தில் குத்தாமல் கிழங்கு முழுக்கப் பரவி நிற்கும். "மக்களே, கையக் கழுவாம கண்ணத் தொடாதே" என்று இன்றும் போனில்கூடச் சொல்வாள்.

காந்தாரி நுனிநாக்கில் சுள்ளென்று ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அந்த இடைவெளியில் வாய்க்குள் ஒரு பச்சை மணம் நிற்கும். நான் காரம் தேடி அலைவதே அந்த மணத்துக்காகத்தான்.

எரிச்சல் ஏன் பிடிக்கிறது என்பதற்கு அறிவியல் பதில் உண்டு. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குத் தகவல் அனுப்பும் ஓர் ஏற்பி நம் நரம்புகளில் இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் கேப்சைசினை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தது. அவருக்கு 2021இல் நோபல் பரிசும் கிடைத்தது. மிளகாய் அதே ஏற்பியைத் தட்டிவிடுவதால், வாய் வேகிறது என்று மூளை நம்பி, வியர்வை, கண்ணீர், மூக்குநீர் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறது. ஆனால் எதுவும் வேகவில்லை என்று நமக்குத் தெரியும். அந்தத் தெரிதலில்தான் இன்பம் என்கிறார் பால் ரோசின் என்ற உளவியலாளர். மெக்சிகோ கிராமம் ஒன்றில் காரம் கலந்த மிச்சச் சோற்றையே தின்று வளர்ந்த நாய்களையும் பன்றிகளையும் அவர் கவனித்திருக்கிறார். அவற்றுக்குக் காரம் பழகியதே தவிர, விருப்பமாக மாறவில்லை. இது எனக்கு மிகப் பிடித்த செய்தி.

எங்கள் அலுவலகத்தில் நாகாலாந்தின் திமாப்பூரிலிருந்து வந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் கொண்டுவந்த ராஜா மிர்ச்சா என்ற மிளகாய் ஊறுகாயைத் திறந்ததும் பழ வாசனை. பலாவும் எலுமிச்சைத் தோலும் கலந்த மாதிரி. வாயில் வைத்தால் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு தொண்டையில் தொடங்கி, காதுமடல் வரை ஏறி, இறங்க மனமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. தயிரைத் தேடித்தான் போனேன். பாலிலும் தயிரிலும் உள்ள கேசின் புரதம் கேப்சைசினைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் எரிச்சலைப் பரப்பும், அவ்வளவுதான். அசாமில் பூத் ஜொலோகியா என்று சொல்லும் மிளகாயின் நாகாலாந்துச் சொந்தம் இது. பூத் ஜொலோகியா 2007இல் காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டி கின்னஸ் ஏறியது. அது இரண்டு மிளகாய் இனங்கள் இயற்கையாகக் கலந்து வந்த கலப்பாக இருக்கலாம் என்று நியூ மெக்சிகோ ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதில் ஓர் இனம் நம் காந்தாரியின் இனமான ஃப்ருட்டசென்ஸ். படித்த அன்றே தோழிக்குச் சொல்லிவிட்டேன், நாம் இரண்டு பேரும் சொந்தம் என்று.

அதன் பிறகு எண்ணிக்கைப் பந்தயம்தான். 2013இல் கரோலினா ரீப்பர் என்ற மிளகாய் கின்னஸ் ஏறியது, 2023இல் பெப்பர் எக்ஸ், 26,93,000 அலகு. இரண்டும் எட் கரி என்ற ஒரே ஆளின் தோட்டத்துப் பிள்ளைகள். அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. செடி வளர்த்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த காரம் அது.

எனக்கு ஒத்துக்கொள்ளாதது வேறு. மிளகாயிலிருந்து காரத்தை மட்டும் பிரித்தெடுத்து, அந்தச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து விற்கும் சாஸ்கள். லட்சக்கணக்கில் எண் போட்டிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் மருந்து நெடி, நாக்கில் கசப்பு. அது வலி மட்டும்தான். எந்தக் கிழங்குக்கும் மீனுக்கும் அது துணை நிற்காது. சாஸ் வாங்குகிறவர்கள் புட்டியைத் திருப்பிப் பாருங்கள். மிளகாய் முன்னால் இருக்க வேண்டும், 'எக்ஸ்ட்ராக்ட்' என்ற சொல் இருக்கவே கூடாது. லூசியானாவில் 1868 முதல் செய்யப்படும் டபாஸ்கோ சாஸின் மிளகாயும் ஃப்ருட்டசென்ஸ்தான். உப்பு சேர்த்து மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் புளிக்கவைக்கிறார்கள். காரம் ரொம்பக் குறைவு. ஆனாலும் அதில் மிளகாய் மணக்கிறது.

போன மாதம் ஊரிலிருந்து வந்த காந்தாரியை நசுக்கி, கிழங்கு அவித்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். தோழி முதலில் முகர்ந்தாள், பிறகுதான் தொட்டாள். விதை கேட்டிருக்கிறாள், திமாப்பூரில் அவள் அம்மா போடப் போகிறாராம். பழுத்ததாகப் பொறுக்கி நிழலில் காயவைத்திருக்கிறேன்.