மண்டபத்தில் பறந்த ரப்பர் விமானம்

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் பழைய மாணவர் சங்கத்தில் விடாமல் கேட்கிறார்கள். ஆண்டு விழா, விளையாட்டுப் போட்டியையெல்லாம் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், நான் நம் ரங்கூன் பள்ளியின் ரப்பர் விமானங்களைப் பற்றி, அதாவது ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் பொம்மை விமானங்களைப் பற்றி எழுதுகிறேன்.

வைகாசியில் பிடிக்கிற மழை ஐப்பசி வரை விடாது, மைதானம் குளமாகிவிடும். அதனால்தான் கணக்கு சார் விமானத்தை மண்டபத்துக்குள் கொண்டுவந்தார். ஜன்னல்களைச் சாத்தி ஃபேனையும் நிறுத்திவிடுவார், நாங்கள் வேர்த்து விறுவிறுத்து நிற்போம், அது பாட்டுக்கு மெதுவாக வட்டமடித்து உத்தரம் வரை ஏறும்.

விமானத்தை யாரும் ஒட்டிவிடலாம், சுற்றி அதை இழுத்துச் செல்கிற விசிறியான ப்ரொபெல்லரில்தான் வித்தை. வெளியே பறப்பதற்குக் கட்டையைச் செதுக்கினால் சரி. சில கிராமே எடையுள்ள உள்ளறை விமானத்துக்கு அந்தக் கனம் ஆகாது, பால்சா என்கிற ரொம்ப லேசான மரத்தின் 0.8 மில்லிமீட்டர் தகடுதான். அதிலும் குறுக்கே மினுமினுவென்று புள்ளி தெரிகிற தகடாகப் பொறுக்குவார் சார், அதுதான் வளைத்த வளைவில் நிற்கும். சவரப் பிளேடால் ப்ரொபெல்லர் றெக்கை வடிவில் இரண்டு வெட்டி, உப்புத்தாளால் நுனி பாதிக் கனமாகும்வரை தேய்க்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகத் தெரிய வேண்டும்.

அப்புறம் வெந்நீரில் ஊறப்போட்டு, ஹார்லிக்ஸ் பாட்டில்மேல் நேராக வைக்காமல் 15 டிகிரி சாய்த்து வைத்து, துணியால் இறுக்கிச் சுற்றி, எதிர் டீக்கடை அடுப்போரம் ராத்திரி முழுக்க விட்டுவிடுவோம். காலையில் அவிழ்த்தால் முறுக்கும் குழிவும் சேர்ந்தே வந்திருக்கும். இரண்டையும் ஒரே பக்கம் சாய்க்க வேண்டும். ஒருத்தன் ஒன்றை இடம், ஒன்றை வலம் சாய்த்துவிட்டு, ஒன்று முன்னே இழுக்க மற்றது பின்னே தள்ள, நின்ற இடத்திலேயே சுற்றுகிற ப்ரொபெல்லரோடு வந்தான்!

முக்கோணவியல் எனக்கு மண்டையில் ஏறியதே இங்கேதான். ஒரு சுற்றுக்கு 50 சென்டிமீட்டர் முன்னேற வேண்டுமென்றால், நடுவிலிருந்து 8 சென்டிமீட்டரில் சாய்வு 45 டிகிரி, 4 சென்டிமீட்டரில் 63, 12.5 சென்டிமீட்டர் நுனியில் 32 சொச்சம். அட்டையில் கோணம் வெட்டி வைத்து ஒவ்வொரு றெக்கையையும் சரிபார்ப்பார் சார். என்னைக் கேட்டால் கோணம் ஓரிரு டிகிரி பிசகினாலும் பரவாயில்லை, இரண்டும் ஒன்றுபோல் பிசக வேண்டும், இல்லையென்றால் விமானம் நடுங்கியே இறங்கிவிடும்.

விளக்கெண்ணெய் தடவிய ரப்பரை முழுக்க முறுக்கி விட்டால் முதல் வேகத்தில் மெல்லிய றெக்கை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், சாய்வு கூடும், ரப்பர் வீணாக அவிழாது. விறைப்பாகச் செய்தவர்களுடையது சட்டென்று உத்தரத்தில் முட்டியது.

1965இல் பள்ளிகள் தேசியமயமாயின, ஆளுக்கொரு கப்பலில் மெட்ராஸ் வந்தோம். பேரனுக்குக் கடையில் வாங்கிய விமானத்தில் இருந்த பிளாஸ்டிக் ப்ரொபெல்லர், எங்கள் முழு விமானத்தைவிடக் கனம். கழற்றிவிட்டு ஒன்று செய்து கொடுத்தேன், கல்யாண மண்டபத்தில் ஏசியை நிறுத்தச் சொல்லித்தான் மேனேஜரிடம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.